முப்பத்தைந்தோடு சைக்கிள் நின்றுவிடுமா?

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் 15-ஆம் தேதியை ஒட்டி அறிஞர் அண்ணா பிறந்தநாள் சைக்கிள் பந்தயம் மாவட்டந்தோறும் நடைபெறுகிறது. நமது தர்மபுரியிலும் நடைபெறுகிறது. 13 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு 15 கிலோ மீட்டர், பெண்களுக்கு 10. 15 வயதுக்கும் 17 வயதுக்கும் உட்பட்ட பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. முதல் பரிசு ஐயாயிரம் ரூபாய். பொழுது விடிவதற்குள் பிள்ளைகள் சைக்கிளும் கையுமாக வந்து கூடிவிடுகிறார்கள்.

இந்தப் பந்தயத்தை நாம் மனமார வரவேற்கிறோம். அதிலுள்ள ஒரு நிபந்தனையை இன்னும் அதிகமாக வரவேற்கிறோம். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி உள்ள சைக்கிளைத்தான் கொண்டு வர வேண்டும் என்பது அந்த நிபந்தனை. இந்த விதியை எழுதிய உத்தியோகஸ்தர் யாரோ தெரியாது. அவருக்கு நமது பாராட்டு உரித்தாகுக! ஏனென்றால் லட்ச ரூபாய், இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து வெளிநாட்டு சைக்கிள் வாங்கித் தரக்கூடிய தகப்பனின் பிள்ளையும், பள்ளிக்கூடத்தில் சர்க்கார் கொடுத்த இலவச சைக்கிளை மிதித்து வரும் கூலிக்காரனின் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். அங்கே பணப்பை ஓடுவதில்லை, கால்தான் ஓடுகிறது.

நல்லது. ஆனால் அந்தக் காலை நேரத்தில் பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் போதாது. ரோட்டோரத்தில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு நிற்கும் தகப்பன்மார்களையும் பார்க்க வேண்டும். அவர்களில் எத்தனை பேர் முப்பது வருஷமாக சைக்கிள் மிதித்து வருகிறவர்கள்! பால் கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வந்தவர் உண்டு. கரும்பு வெட்டப் போனவர் உண்டு. மாங்காய்க் கூடையை கேரியரில் ஏற்றிக்கொண்டு மேட்டில் தள்ளி, பள்ளத்தில் ஓட்டியவர் உண்டு. பிள்ளைக்கு செயினில் எண்ணெய் விட்டுக் கொடுத்து, காற்று சரியாக இருக்கிறதா என்று கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். கொடி அசைத்ததும் அவருடைய கால் தானாக ஒரு துடிப்புத் துடிக்கிறது.

அந்த மனிதருக்கு ஒரு பந்தயம் உண்டா? இல்லை. ஏன் இல்லை?

வயதுக் கணக்கு

சர்க்காரின் கணக்கைச் சற்றுப் பாருங்கள். சைக்கிள் பந்தயம் 17 வயதோடு முடிந்துவிடுகிறது. அதே அண்ணா பெயரால் நடக்கும் நெடுந்தூர ஓட்டத்தில் 25 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆண்கள் 10 கிலோ மீட்டர், பெண்கள் 5 கிலோ மீட்டர் ஓடலாம். ஆக, நாற்பது வயதுக்காரர் ஓடலாம், ஆனால் சைக்கிள் மிதிக்கக் கூடாது! ஓடுவதைவிட சைக்கிள் முழங்காலுக்கு இதமானது என்பது எந்த வைத்தியருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருக்க இந்த விசித்திரம் எப்படி வந்தது? கெட்ட எண்ணத்தால் வந்தது என்று நாம் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை, ஆகவே யாரும் செய்யவில்லை; அவ்வளவுதான்.

முதலமைச்சர் கோப்பை விளையாட்டுகளில் பொதுப்பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் வயது 15 முதல் 35 வரை. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள், மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று, அரசு ஊழியர்களுக்கு ஒன்று, எல்லாம் உண்டு. எந்த உத்தியோகமும் இல்லாத, 36 வயதான ஒரு கூலித் தொழிலாளி எந்தப் பிரிவிலே சேருவது?

இங்கேதான் வேடிக்கை. மாஸ்டர்ஸ் பந்தயம் என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது. தொழில்முறை வீரர்களுக்கு அல்ல, பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ஆசைக்காக சைக்கிள் விடும் நடுவயதுக்காரர்களுக்கும் முதியவர்களுக்குமான பந்தயம் அது. உலக மாஸ்டர்ஸ் டிராக் பந்தயங்களில் முதல் பிரிவே 35 வயதில்தான் ஆரம்பமாகிறது. பிறகு ஐந்தைந்து வருஷமாகப் பிரித்துக்கொண்டே எழுபது, எண்பதுவரை போகிறார்கள். அதாவது அவர்கள் கதவைத் திறக்கும் வயதில் நாம் கதவை மூடித் தாழ்ப்பாள் போடுகிறோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கும் திட்டம் 2001 வாக்கில் ஆரம்பித்துப் பிறகு மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. 2005-இல் பதினோராம் வகுப்பில் அந்த சைக்கிளை வாங்கியவருக்கு இப்போது வயது 35-ஐத் தாண்டிவிட்டது. சர்க்கார் சைக்கிள் கொடுத்து வளர்த்த முதல் தலைமுறை மாஸ்டர்ஸ் வயதுக்கு வந்து நிற்கிறது. அவர்களில் பலர் இன்று பெங்களூரிலும் திருப்பூரிலும் கட்டட வேலையிலும் பனியன் கம்பெனியிலும் இருக்கிறார்கள். ஊரில் இருப்பவர்களையாவது ஒன்று கூட்ட வேண்டாமா?

ஒரு கிழவனாரின் கதை

“வயதான காலத்தில் இதெல்லாம் எதற்கு?” என்று கேட்பவர்களுக்கு ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிச் சொல்கிறோம்.

ராபர்ட் மார்ஷான் என்பவர் 1911-இல் பிரான்சில் பிறந்தார். குள்ளமான மனிதர், ஐந்தடி உயரந்தான். வாலிபத்தில், சைக்கிள் பந்தயத்துக்கு உன் உடம்பு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். பாரிஸ் நகரில் தீயணைப்புப் படையில் வேலை செய்தார். பிறகு வெனிசுலாவில் லாரி ஓட்டினார். கனடாவில் மரம் வெட்டினார். தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்டுக் கட்சியிலும் அங்கத்தினர். பிழைப்பு, பிழைப்பு என்று அலைந்தவர் மறுபடி ஒழுங்காக சைக்கிளில் ஏறியது 67-ஆவது வயதில்!

2012-இல், நூறு வயது முடிந்த நிலையில், ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோ மீட்டர் ஓட்டினார். 2014-இல், 102-ஆவது வயதில், அதே ஒரு மணியில் 26.927 கிலோ மீட்டர். எண்களைத் திரும்பப் படியுங்கள், அச்சுப்பிழை அல்ல. வயது ஏறியது, தூரமும் ஏறியது. விஞ்ஞானிகள் ஆச்சரியப்பட்டு அவரைப் பரிசோதித்தார்கள். 101 வயதுக்கும் 103 வயதுக்கும் இடையே, முறையான பயிற்சியால், அவருடைய உடம்பு பிராணவாயுவை உட்கொள்ளும் சக்தி 13 சதவிகிதம் கூடியிருந்தது. வருஷத்துக்கு ஐயாயிரம் கிலோ மீட்டர் மிதித்தாராம். 105-ஆவது வயதில், 2017-இல், 22.547 கிலோ மீட்டர் ஓட்டினார். 2021-இல் 109 வயதில் காலமானார்.

எல்லோரும் மார்ஷான் ஆக முடியாது. அதற்காக நாம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. நம் ஊரில் 45 வயதுக்காரனைப் பார்த்து “உனக்கு எதற்கடா இந்த வேலை?” என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பு விஞ்ஞானத்துக்குப் பொருந்தாத சிரிப்பு என்று காட்டவே சொன்னோம்.

தனி ஆள் அல்ல, கோஷ்டி

சைக்கிள் பந்தயத்தில் சண்டை யாரோடு? எதிராளியோடு என்று நினைக்கிறோம். உண்மையில் சண்டை காற்றோடு. மெதுவாகப் போகும்போது காற்று ஒரு பொருட்டே அல்ல. மணிக்கு 25 கிலோ மீட்டரைத் தாண்டிவிட்டால், மிதிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டுமானால் காற்றுக்கு எதிராக எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பது கணக்கு.

இங்கேதான் கோஷ்டியின் மகிமை வருகிறது. முன்னால் ஒருவர் காற்றை உடைத்துக்கொண்டு போக, அவருடைய பின் சக்கரத்தை ஒட்டினாற்போல மற்றவர் போனால், பின்னால் போகிறவருக்கு கால்வாசி, சில சமயம் அதற்கும் மேல், சக்தி மிச்சமாகிறது. முன்னவர் களைத்ததும் விலகிக் கடைசிக்குப் போவார். அடுத்தவர் முன்னுக்கு வருவார். இப்படி முறைவைத்து மாற்றிக்கொண்டால், தனித்தனியே எவராலும் ஓட்ட முடியாத வேகத்தில் ஐந்து பேரும் போவார்கள். ஏற்றம் இறைப்பதிலும் நடவு நடுவதிலும் இந்த முறைமாற்றம் நம் ஜனங்களுக்குப் புதிதல்ல.

நடுவயதுக்காரர்களுக்கு இது மிகவும் பொருத்தம். வயதாக ஆக முதலில் குறைவது திடீர்ப் பாய்ச்சல். நீண்ட நேரம் ஒரே சீராக மிதிக்கும் தம் அவ்வளவு சீக்கிரம் குறைவதில்லை. எப்போது அடக்கிக்கொள்ள வேண்டும், எந்த மேட்டில் எழுந்து நின்று மிதிக்க வேண்டும் என்ற அனுபவ ஞானம் இருபது வயதுக்காரனுக்கு வராது. ஒலிம்பிக்கில் 1960 முதல் 1992 வரை நூறு கிலோ மீட்டர் கோஷ்டிப் பந்தயம் இருந்தது. நான்கு பேர் புறப்படுவார்கள். மூன்றாவது ஆள் எல்லைக் கோட்டைத் தாண்டும் நேரத்தைத்தான் கோஷ்டியின் நேரமாகக் கணக்கிடுவார்கள். ஒருவர் மாத்திரம் பறந்து வந்து பயனில்லை. நமது மாவட்டப் பந்தயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்பது என் அபிப்பிராயம்: ஐந்து பேர் கோஷ்டி, ஐந்தாவது ஆளின் நேரமே கணக்கு. அப்போது மெதுவாக வருகிறவரை விட்டுவிட்டு ஓட யாருக்கும் மனம் வராது. மனம் வந்தாலும் பிரயோஜனம் இராது.

உழைப்பாளியும் சைக்கிளும்

சைக்கிள் சங்கம் என்றால் பணக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு என்று ஒரு எண்ணம் இப்போது பரவியிருக்கிறது. பெங்களூரிலிருந்து விடியற்காலையில் இறுக்கமான சட்டையும் விலையுயர்ந்த சைக்கிளுமாக வரும் குழுக்களைப் பார்த்து அப்படித் தோன்றுவது சகஜம். அவர்கள் மீது நமக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர்களும் வியர்வை சிந்தித்தான் மேடேறுகிறார்கள். ஆனால் சரித்திரம் வேறு.

1894-இல் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஒரு சில வாலிபர்கள் ‘கிளாரியன்’ என்ற சோஷலிஸ்ட் பத்திரிகையின் பெயரால் சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். வாரமெல்லாம் தொழிற்சாலைப் புகையில் கிடந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்கு சைக்கிளில் போனார்கள், பத்திரிகை விநியோகித்தார்கள், பந்தயமும் விட்டார்கள். அந்தச் சங்கம் நூறாண்டு கடந்தும் இருக்கிறது. அதன் விதிகளிலிருந்து சோஷலிசம் என்ற சொல்லை எடுத்துவிடுவதா வேண்டாமா என்று சண்டை போட்டு, 2021-இல் எடுத்தும் விட்டார்கள் என்பது வேறு கதை. ஜெர்மனியில் 1896-இல் ‘சாலிடாரிட்டி’, அதாவது ஒற்றுமை, என்ற பெயரில் தொழிலாளர் சைக்கிள் சங்கம் தோன்றியது. 1920-களில் அதன் அங்கத்தினர் தொகை மூன்று லட்சத்தை எட்டியது. சொந்தத்தில் ஒரு சைக்கிள் தொழிற்சாலையே வைத்திருந்தார்கள்! 1933-இல் ஹிட்லர் வந்தான், சங்கத்தைத் தடை செய்தான், சொத்துக்களைப் பறித்துக்கொண்டான். சைக்கிள் விடுகிறவர்களைக் கண்டுகூடப் பயந்தான் என்றால் அந்த ஸ்தாபனத்தின் பலத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

பத்திரிகைக்கும் சைக்கிள் பந்தயத்துக்கும் உள்ள உறவும் பழையது. உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சு சுற்றுப்பந்தயத்தை 1903-இல் ஆரம்பித்தது ‘லோட்டோ’ என்ற பத்திரிகை, விற்பனையைக் கூட்டுவதற்காக. 1948-இல் வார்சாவுக்கும் பிராக்குக்கும் இடையே சமாதான சைக்கிள் பந்தயத்தை ஆரம்பித்தவை போலந்து, செக்கோஸ்லோவாக்கியா நாடுகளின் கட்சிப் பத்திரிகைகள். யுத்தத்தில் சின்னாபின்னமான ரோடுகளில், சம்பளம் வாங்காத அமெச்சூர் வீரர்கள் ஓட்டிய பந்தயம் அது. 2006 வரை நடந்தது.

நம் கிராமங்களிலும் சைக்கிள் வித்தை ஒரு திருவிழாவாக இருந்த காலம் உண்டு. மைதானத்தின் நடுவே கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, ஒருவர் மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் கீழே இறங்காமல் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி விடுவார். சைக்கிளின் மேலேயே குளியல், சைக்கிளின் மேலேயே சாப்பாடு. ஊரே கூடிப் பார்க்கும். காசும் துணியும் கொடுக்கும். அந்த மனிதர்கள் எங்கே போனார்கள்? வாடகை சைக்கிள் கடையில் நேரக்கணக்கில் சைக்கிள் எடுத்து, உயரம் எட்டாமல் பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்ட தலைமுறை நாம். விளக்கில்லாமல் போனால் போலீஸ், இருவர் ஏறினால் போலீஸ், பஞ்சாயத்து வில்லை இல்லையென்றால் அபராதம். இத்தனைக்கும் ஈடுகொடுத்து ஓட்டினோம்.

சில ஆட்சேபணைகள்

“இன்றைக்கு யார் சைக்கிள் மிதிக்கிறார்கள்? எல்லோரும் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டார்களே” என்று கேட்கலாம். பாதி உண்மை. பெட்ரோல் விலையை மாதச் சம்பளத்தில் கழித்துப் பார்ப்பவன் இன்னும் சைக்கிளை விற்கவில்லை என்பது மீதிப் பாதி. சைக்கிள் மங்குகிறது என்பதை நாமும் அறிவோம். 2020-இல், உலக சைக்கிள் தினமான ஜூன் 3-ஆம் தேதியன்றே, சாகிபாபாத்திலிருந்த அட்லஸ் சைக்கிள் தொழிற்சாலையை மூடித் தொழிலாளிகளை வெளியே நிறுத்தினார்கள். இதைவிடக் கசப்பான வேடிக்கை வேறென்ன வேண்டும்?

“ரோட்டில் ஆபத்து” என்பது இரண்டாவது ஆட்சேபணை. இதை நாம் அலட்சியம் செய்யவில்லை. தொப்பூர் கணவாயில் லாரிகள் உருண்டு உயிர்கள் போவதை நம் மாவட்டத்தைவிட யார் அதிகம் அறிவார்கள்? நாற்கரச் சாலையில் பந்தயம் வைக்கும்படி எந்தப் புத்தியுள்ளவனும் கேட்க மாட்டான். உள் ரோடுகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை போலீஸ் நின்றால் போதும். பிள்ளைகளுக்கு நிற்கிற அதே போலீஸ்தான்.

மாரடைப்பு வருமே என்பது மூன்றாவது. வரலாம், அதற்காகத்தான் பந்தயத்துக்கு முன்னால் வைத்தியப் பரிசோதனை கேட்கிறோம். உண்மையைச் சொன்னால், எத்தனையோ உழைப்பாளிகள் தங்கள் ரத்த அழுத்தம் என்ன என்பதை முதன்முதலாக அன்றுதான் தெரிந்துகொள்வார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே பந்தயம் வைக்கலாம்.

நான்காவது ஆட்சேபணையை யாரும் சொல்வதில்லை. நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வருகிறவனுக்குப் பயிற்சிக்கு ஏது நேரம்? சாப்பாடு, தூக்கம் இவை இல்லாமல் கால் வலுப்பதில்லை. வலியெடுக்கும் முழங்காலுக்கு ஓய்வும் வேண்டும். கட்டட வேலையும் ஒப்பந்தக் கூலியும் வாரத்தில் ஏழு நாளையும் விழுங்கிவிடும்போது விளையாட்டு எங்கே முளைக்கும்? கிளாரியன்காரர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது இருந்தது. எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் உள்ள இடத்தில்தான் மாஸ்டர்ஸ் பந்தயம் உண்டாகும் என்பதை மறைத்துவிட்டு “உடற்பயிற்சி செய்யுங்கள்” என்று உபதேசிப்பது ஊரை ஏமாற்றுகிற வேலை.

பெண்களை மறக்கலாமா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு ஆதரவு கொடுத்தார். பெண்கள் மாடல் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே, முன்னால் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். அன்று இருபது வயதில் கற்றுக்கொண்ட பெண்ணுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேரப்பிள்ளை பந்தயம் ஓட்டுவதை வேடிக்கை பார்க்கத்தான் அவள் கற்றாளா? நமது மாவட்டத்திலும் பதினோராம் வகுப்போடு சைக்கிளை மூலையில் சாத்திவிட்டுக் கல்யாணமாகிப் போன பெண்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். பெண்கள் பிரிவு இல்லாத மாஸ்டர்ஸ் பந்தயம் நமக்கு வேண்டாம்.

செய்ய வேண்டியது

செப்டம்பர் பந்தயத்திலேயே 35 வயதுக்கு மேற்பட்டோர், 45-க்கு மேற்பட்டோர், 55-க்கு மேற்பட்டோர் என்று மூன்று பிரிவுகளை ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்க்கும்படி மாவட்ட விளையாட்டு அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உள்ள அதே நிபந்தனை: கியர் இல்லாத, சாதாரணக் கைப்பிடி சைக்கிள். தலைக்கவசத்தை சர்க்கார் கொடுக்க வேண்டும். பிரிவு சேர்க்க மாநில உத்தரவு வேண்டும் என்று பதில் வரும், வரட்டும். அதுவரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

தர்மபுரியிலிருந்து பாப்பாரப்பட்டிக்குப் போகும் ரோடு இருக்கிறது. அந்தப் பாப்பாரப்பட்டியில்தான் 1925-ஆம் வருஷம் ஜூலை 23-ஆம் தேதி சுப்பிரமணிய சிவா கண்ணை மூடினார். சிறையில் பிடித்த தொழுநோயைக் காரணம் காட்டி வெள்ளைக்காரன் அவரை ரயிலில் ஏறக் கூடாது என்று தடுத்தபோது, புண்பட்ட காலோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்த மனிதர். ஜூலை 23-ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், பாலக்கோட்டிலிருந்து ஒரு கோஷ்டி, பென்னாகரத்திலிருந்து ஒன்று, அரூரிலிருந்து ஒன்று, காரிமங்கலத்திலிருந்து ஒன்று, கோஷ்டிக்கு ஐந்து பேர், தர்மபுரியில் கூடி சிவாவின் மணிமண்டபம் வரை ஓட்டட்டும். ஆலைத் தொழிலாளிகள், பால்காரர்கள், சைக்கிள் கடைக்காரர்கள், வாத்தியார்கள் யாரானாலும் சரி. வழியில் பஞ்சர் ஒட்ட இரண்டு ஆள், குடிக்கத் தண்ணீர், ஒரு ஆம்புலன்ஸ், நேரம் குறிக்க ஒரு கடிகாரம் இருந்தால் போதும். ஐந்தாவது ஆள் வந்து சேருகிறவரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது. இதற்கு ஆகும் செலவு ஒரு மேடை போட்டு மைக் கட்டுவதைவிடக் குறைவு.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இப்போதே சைக்கிளைக் கீழே இறக்கிப் பிரேக் கட்டையை மாற்றிக்கொள்ளட்டும். ஜூலைக் காற்று எதிர்க்காற்று.